குமரி மாவட்டத்தில் முதல் பிள்ளை: பெறப் போகிறவர்களுக்கும் கூட நிற்பவர்களுக்கும்

நம் மாவட்டத்தில் பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, ஊருக்கு ஊர் நர்சிங் ஹோம், மேற்கே இருப்பவர்களுக்கு எல்லை தாண்டினால் திருவனந்தபுரம். ஆலோசனை சொல்பவர்களுக்கும் பஞ்சமில்லை. முதல் முறை பெற்றோர் ஆகிறவர்கள் தடுமாறுவதே இதனால்தான். எங்கே போவது, யார் கூட இருப்பது, பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் எதை வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். வலி வந்த பிறகு உட்கார்ந்து முடிவெடுக்க நேரம் இருக்காது. ஐந்தாம் மாதத்துக்குள் கணவனும் மனைவியும் இதைச் சேர்ந்து படித்துவிடுங்கள். தாய்வீட்டில் ஒருவர், மாமியார் வீட்டில் ஒருவர் என இரண்டு பக்கமும் படிக்கக் கொடுங்கள்.

முதல் வேலை: செவிலியரிடம் பதிவு

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் என்று உறுதியானதும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். நாகர்கோவில் மாநகராட்சிக்குள் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 12 வாரத்துக்குள் பதிவு செய்வது நல்லது. பதிவு செய்ததும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். "நாங்கள் பிரைவேட்டில்தான் பார்க்கிறோம், எங்களுக்கு எதற்கு" என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தனியாரில் பார்த்தாலும் இந்த எண் வேண்டும். பிறப்புப் பதிவின்போது இதைக் கேட்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இதே பதிவுதான் வாசல். ஏழைக் குடும்பங்களுக்கு, 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி. அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் தாயின் பெயரில் உள்ள கணக்கில்தான் விழும். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், வங்கியில் கணவர் பெயர் என்று இரண்டும் வேறாக இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். வயிறு பெரிதாகி அலைய முடியாமல் போகும் முன் இதைச் சரி செய்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதாக இருந்தால் எந்தத் தவணை வரும், எது வராது என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் வீட்டில் பதிவு செய்துவிட்டு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வருவதுதான் இங்கே வழக்கம். அப்படி இடம் மாறும்போது இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் ஒருவர் பட்டியலில் நீங்கள் "வரவில்லை" என்றும், இன்னொருவர் பட்டியலில் இல்லாமலும் இருப்பீர்கள்.

பரிசோதனைகள்

இதை மருத்துவரே சொல்லிவிடுவார் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை. நான்காம் மாதம் முதல் தினமும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும், இரண்டையும் வேறு வேறு நேரத்தில். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு சாயா குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். மாத்திரைக்கும் சாயாவுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், இரண்டையும் தவற விடாதீர்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சர்க்கரைப் பரிசோதனை பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்போது அரிசிச் சோற்றோடு மரச்சீனிக் கிழங்கின் அளவையும் குறைக்க வேண்டும். கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்பது தவறு. கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சாளை, நெத்திலி, முட்டை, பயறு, கீரை ஆகியவற்றைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

ரத்த வகை நெகட்டிவ் என்று வந்து கணவருக்குப் பாசிட்டிவ் என்றால், 28வது வாரத்தில் ஓர் ஊசி, பிள்ளைக்கும் பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி போட வேண்டியிருக்கும். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி இது. மருத்துவர் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

எங்கே பெறுவது

எட்டாம் மாதத்துக்குள் இதை முடிவு செய்யுங்கள். பணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். "நடு ராத்திரி ஏதாவது சிக்கல் வந்தால் இந்த இடத்தில் என்ன நடக்கும்?" இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மயக்க மருத்துவர் உடனே வருவாரா, ரத்தம் எங்கிருந்து வரும், பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் குழந்தை மருத்துவர் இருக்கிறாரா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள்? இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் மருத்துவமனையை நம்பலாம். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிடலாம்.

எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்துக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமோ தாலுகா மருத்துவமனையோ போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, எடை குறைந்த பிள்ளை என்று ஏதாவது இருந்தால் ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய மருத்துவமனையை முதலிலேயே தேர்ந்தெடுப்பது நல்லது. கடைசி நேரத்தில் அங்கே அனுப்பப்படுவதைவிட, ஒன்பதாம் மாதம் ஒருமுறை நேரில் போய்க் காட்டி, சீட்டு போட்டு வைப்பது எவ்வளவோ மேல். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம்.

களியக்காவிளை, கொல்லங்கோடு, பாறசாலை ஓரத்தில் இருப்பவர்கள் நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ போவது புதிதல்ல. போகலாம். பிள்ளை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்புப் பதிவு நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சான்றிதழ் கேரள உள்ளாட்சி அமைப்பிலிருந்துதான் வரும். இங்கே வாங்க முடியாது.

பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் வர வேண்டிய காணி குடியிருப்புகள், கோதையாறு மலைப்பகுதி, மழையில் துண்டாகும் தாழ்வான ஊர்கள் ஆகியவற்றில் இருப்பவர்கள், குறித்த தேதிக்குப் பத்து நாளாவது முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. சமவெளியில் இருந்தாலும் மார்த்தாண்டம் சந்திப்பின் மாலை நெரிசலைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

அவர் கடலில் இருந்தால், வளைகுடாவில் இருந்தால்

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் படகுகள் போனால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். வளைகுடாவில் வேலை செய்பவருக்குக் கேட்ட நாளில் லீவு கிடைப்பதில்லை. அவர் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் எதையும் திட்டமிடாதீர்கள். வந்தால் சந்தோஷம்.

வராவிட்டால் யார் என்ன செய்வார்கள் என்று பெயர் சொல்லிப் பிரித்து வையுங்கள். வண்டி ஓட்ட ஒருவர், பிரசவ அறைக்குள் இருக்க ஒருவர், மருந்துக்கும் பில்லுக்கும் அலைய ஒருவர், ரத்தம் தேவைப்பட்டால் வர இரண்டு பேர். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் துணை ஒருவரை அனுமதிக்கிறார்கள். அந்த ஒருவரை வயதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வலியில் துடிப்பவளைப் பார்த்துத் தானும் அழுது புலம்பாத, முதுகைத் தடவிக்கொடுக்கத் தெரிந்த ஒருத்தி வேண்டும். அது சித்தியாக இருக்கலாம், மதினியாக இருக்கலாம். யார் என்பதைப் பெறப் போகிறவளே சொல்லட்டும்.

கையெழுத்து பற்றிய பயமும் வேண்டாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே அவள் சிகிச்சைக்குச் சட்டப்படி போதும். உடன் இருப்பவர் கையெழுத்தையும் மருத்துவமனை கேட்கும். அங்கே இருக்கும் உறவினர் போடலாம். கணவர் வரும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லி யாரும் நிற்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பையும் இப்போதே பேசிவிடுங்கள். தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. முந்திரி ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்கள் என்றால், அந்தக் காலத்துக்கான பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும். சந்தா விவரத்தைக் கிளை அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பை

36வது வாரத்தில் கட்டி, கதவருகே வைத்துவிடுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் முடிவுகள், இருவரின் ஆதார், காப்பீட்டு அட்டை, நகல்களோடு ஒரே உறையில். முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துண்டு. பிள்ளைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துண்டுகள், தொப்பி. புதுத்துணி வேண்டாம் என்று வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது; துவைத்த பழைய துணி மெதுவானது. போன் சார்ஜர், கொஞ்சம் ரொக்கம், ஒரு ஃபிளாஸ்க். நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வலி வந்தால்

முதல் பிரசவம் மெதுவாகத்தான் நகரும். 12 மணி நேரம், சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். விட்டு விட்டு வரும் வலி ஒழுங்காகி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிற்க ஆரம்பித்து, இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள். தூரம் அதிகம் என்றால் அதற்கு முன்பே. சாதாரண சூட்டு வலி நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும்; பிரசவ வலி அடங்காது.

சிலவற்றுக்கு வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. பனிக்குடம் உடைந்து நீர் போனால், அதிலும் அது பச்சை நிறமாக இருந்தால், ரத்தம் போனால், பிள்ளை அசைவது குறைந்துவிட்டதாகத் தோன்றினால், கண் மங்கித் தலை கடுமையாக வலித்தால், வலிப்பு வந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். "காலையில் பார்ப்போம்" என்று சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

பிறந்த முதல் மணி நேரம்

இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் போட்டுப் பால் குடிக்க விட வேண்டும். சிசேரியன் என்றாலும், தாய் நினைவோடு இருந்தால் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முதலில் வருவது மஞ்சளான சீம்பால். அளவு சில துளிகள்தான், பிள்ளையின் வயிறும் அன்றைக்கு அவ்வளவுதான். "பால் வரவில்லை, பிள்ளை பட்டினி கிடக்கிறது" என்று மூன்றாம் நாள்வரை ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மார்பு நிறையப் பால் கட்டுவது மூன்றாம் நாளை ஒட்டித்தான். அதுவரை அடிக்கடி மார்பில் போடுவதே பால் ஊறுவதற்கான வழி.

சர்க்கரைத் தண்ணீர், வெந்நீர், உரை மருந்து, வசம்பு எதுவும் வேண்டாம். தேனும் வேண்டாம். மார்த்தாண்டம் தேன் பக்கத்திலேயே கிடைக்கிற மாவட்டம் நம்முடையது, நல்ல தேன் என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைச் சமாளித்துவிடும். ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கினால் பிள்ளை துவண்டு, மூச்சே நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். தங்கத்தில் உரசி நாக்கில் தொட்டு வைக்கும் சடங்குக்காக ஒருவர் ஆசையோடு கிண்ணத்துடன் நிற்பார். அவரை அவமதிக்காமல் தடுக்கும் பொறுப்பு பெற்றவளுடையது ஆகக் கூடாது. அவள் தையலோடு படுத்திருக்கிறாள். கணவர் தன் வீட்டாரிடமும், பெண்ணின் அண்ணனோ அக்காவோ தங்கள் வீட்டாரிடமும் ஒரு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். பிள்ளையை மடியில் வாங்கி முதலில் தொட்டு ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பாட்டிமார்களுக்கு அந்த இடம் கிடைத்தால் போதும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து அளக்காதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் போதுகிறது. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். முலைக்காம்பு வெடித்து வலித்தால் பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று பொருள். காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகும்படி பிடித்துக் காட்டச் சொல்லி, டிஸ்சார்ஜுக்கு முன்பே செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப 102 வாகனம் இலவசம்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் ஊர்ப் பேறுகாலக் கவனிப்பில் அருமையான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. உளுந்தங்கஞ்சி, பூண்டு, சுக்கும் கருப்பட்டியும், மீன் குழம்பு, பெற்றவளை அடுப்படிக்கு விடாமல் நாற்பது நாள் உட்கார வைப்பது, இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயைப் பிள்ளைக்கு இலேசாகத் தடவுவதும் நல்லதுதான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, தொப்புளில் சாம்பலோ பொடியோ வைப்பது, கண்மை, ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை, இவை வேண்டாம். தொப்புள் கொடி ஒன்றும் போடாமல் காய்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். படுக்க வைக்கும்போது மல்லாக்க.

இலைகள் போட்டுக் கொதிக்க வைத்த வேது தண்ணீரில் குளிப்பது உடம்புக்கு இதமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க வயிற்றில் வீசி அடிப்பது கூடாது. சிசேரியன் தையல் ஆறும் முன்பு அந்தப் பக்கமே போக வேண்டாம். பேற்று மருந்து, லேகியம், அரிஷ்டம் எதைக் கொடுத்தாலும், தாய் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிட்டால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரைக் குறைக்கும் பத்தியத்தை ஏற்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும், குடிக்கட்டும்.

அப்புறம் மனசு. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பலருக்கும் நடக்கும். இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு மேலும் தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், செத்துவிடலாமா என்று தோன்றினால் அது நோய், மருந்து உண்டு. "பிள்ளை பெற்றவள் அழக் கூடாது" என்று அடக்காதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். அவளைத் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பார்க்க வருபவர்கள் கூட்டத்தை முதல் மாதம் குறைப்பதும் இதில் ஒரு மருந்து. காய்ச்சல், சளி உள்ளவர் பிள்ளையை எடுக்கவே வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்: பிள்ளை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்வாங்குவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, வலிப்பு, முதல் நாளிலேயே மஞ்சள் அல்லது உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவிய மஞ்சள். மஞ்சளுக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். தாய்க்கு: ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, நாற்றம், காய்ச்சல், கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம். பிரசவம் முடிந்துவிட்டது என்பதற்காக ரத்த அழுத்த ஆபத்து முடிந்துவிடுவதில்லை.

காகிதங்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. மருத்துவமனையே விவரத்தைப் பதிவாளருக்கு அனுப்பிவிடும். உங்கள் வேலை, டிஸ்சார்ஜுக்கு முன்பு அந்தப் படிவத்தை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் படிப்பது. தாய் பெயர், தந்தை பெயர், இனிஷியல், முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறதா? பின்னால் பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது ஓர் எழுத்துப் பிழைக்காக அலைய வேண்டிவரும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட்வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். சான்றிதழை யாரிடம், எப்போது வாங்க வேண்டும் என்றும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் உடனே வேண்டியதில்லை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் விடும் வீடுகளும், ஞானஸ்நானத்தில் பெயர் இடும் வீடுகளும் அவசரப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரையும் ஞானஸ்நானப் பெயரையும் போட்டுக் குழப்பாமல், பள்ளியில் எழுதப்போகும் ஒரே பெயரை முடிவு செய்து கொடுங்கள். சான்றிதழ் வந்ததும் பிள்ளைக்கு ஆதார், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு என்று அடுத்தடுத்து முடித்துவிடலாம். ஐந்து வயதுக்குள் ஆதாருக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள்.

ஊசியும் முதல் சோறும்

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள்காமாலை பி ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், ஒன்றரை வயதை ஒட்டி. துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. கேரளத்தில் பிறந்த பிள்ளை என்றால் அங்கே போட்ட ஊசி அட்டையைக் கொண்டுவந்து நம் செவிலியர் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரலாம்; எவ்வளவு மருந்து என்பதை எடையைப் பார்த்துச் செவிலியரே சொல்வார்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு முடிந்ததும் நம் மாவட்டத்துக்கு உணவுக்குக் கவலையே இல்லை. மசித்த மட்டிப்பழம், ஏத்தங்காயை அரிந்து காயவைத்துப் பொடித்த மாவில் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், அங்கன்வாடி சத்துமாவு என்று இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்குங்கள். ஏத்தங்காய்க் கஞ்சியோடு மட்டும் நின்றுவிடாமல் சில வாரத்தில் பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன், கீரை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். மிக்சியில் தண்ணீராக அடிக்காமல் கையால் மசித்து, ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுக்கு அப்புறம் போதும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் தொடரலாம்.